வீடியோ காலில் தெரிந்த காலண்டர்

பெரியவர்களுக்கு ஸ்மார்ட் போன் வாங்கித் தந்து, வீடியோ கால் பேசவும் சொல்லிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என எண்ணுபவரா நீங்கள்? 2020 வரை நானும் அப்படித்தான் எண்ணிக் கொண்டிருந்தேன்.

அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 74. அம்மா மறைந்த பின் கும்பகோணத்தில் தனியாக இருந்தார். காலையில் டீக்கடை, பத்து மணிக்கு நூலகம், மாலையில் மகாமகக் குளக்கரையில் நண்பர்கள். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியதும் எல்லாம் நின்று போனது. நான் சென்னையில் இருந்தேன். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும்.

தினமும் இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பேன். "சாப்பிட்டேன்டா, நல்லா இருக்கேன். வச்சிடட்டுமா?" இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள், "நான் இருந்து என்னடா ஆகப் போகுது?" என்றார். "சும்மா இருங்கப்பா" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

போன் காட்டிய அறிகுறிகள்

அவர் சொல்லாததை அவருடைய போன் சொன்னது. வாட்ஸ்அப்பில் "லாஸ்ட் சீன்" நேரம் அதிகாலை 3.10, 3.40 எனக் காட்டியது. நாள் தவறாமல் வரும் காலை வணக்கப் படங்கள் நின்று போயின. ஜூன் மாதம் ஒரு நாள், வீடியோவில் அவருக்குப் பின்னால் சுவரில் தெரிந்த தினசரி காலண்டரைக் கவனித்தேன். ஒன்பது நாட்களாகத் தாள் கிழிக்கப்படவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பவர் அவர்.

மறுநாளே மனநல மருத்துவர் ஒருவரிடம் வீடியோ மூலம் ஆலோசனை பெற்றோம். இத்தகைய சிகிச்சைக்கான வழிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்றுதான் வெளியிட்டிருந்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அப்பா கோபப்பட்டார். மருத்துவர் பொறுமையாகப் பேசினார். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாட்டாலும் இப்படிச் சோர்வு வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். பின்னர் மனச்சோர்வு எனக் கூறி மாத்திரை எழுதித் தந்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இடையில் நிறுத்தக் கூடாது என்றார்.

முதியவர்கள் பலர் "மனசு சரியில்லை" எனச் சொல்வதில்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை, உடம்பு வலி, மறதி என்றே சொல்வார்கள். வயதானால் இப்படித்தான் என நாமும் விட்டுவிடுகிறோம். இந்திய முதியோர் குறித்த லாசி ஆய்வின்படி (2017-18), 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக் கூடும். ஆனால், தங்களுக்கு அப்படிக் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம் மட்டுமே.

மருத்துவர் எனக்கும் இரண்டு விஷயங்கள் சொன்னார். "இருந்து என்ன பயன்" என்று அவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அடுத்து, நலம் விசாரிப்பதோடு நிற்காமல் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்.

நாலு மணி வகுப்பு

மூன்றாம் வகுப்பு படித்த என் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருமாறு அப்பாவிடம் கேட்டேன். தினமும் மாலை 4 மணிக்கு அவரே அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வாரம் இரண்டு நாள் மறந்தார். பிறகு வாய்ப்பாடு முடிந்து கால், அரைக்கால், மாகாணி வரை போனது. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு என்பதை மகளிடம்தான் நான் தெரிந்து கொண்டேன்.

இதற்காகப் போனில் நாங்கள் செய்த மாற்றங்கள் இவை:

1. செட்டிங்ஸ் சென்று, டிஸ்பிளே பிரிவில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கவும்.

2. வாட்ஸ்அப்பில் உங்களுடனான சாட்டைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, மோர் பிரிவில் ஆட் ஷார்ட்கட் தேர்ந்தெடுக்கவும். ஹோம் ஸ்கிரீனில் உங்களுக்கென ஓர் ஐகான் கிடைக்கும்.

3. நோய்ச் செய்திகள் குவியும் குரூப்களை மியூட் செய்திடவும். அப்பாவின் விடியற்காலைகளைத் தின்றவை அவைதான். அவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

செப்டம்பர் 7ல் மாவட்டங்களுக்கிடையே பஸ் ஓடத் தொடங்கியது. அடுத்த வாரம் நான் மட்டும் ஊருக்குச் சென்றேன். காலண்டரில் அன்றைய தேதி இருந்தது. பேசிக் கொண்டிருந்த அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு ஆகப் போகுது. பாப்பா காத்துக்கிட்டிருப்பா. நாம அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போனார்.

அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது, பெரியவர்களின் முகத்தோடு பின்னால் இருக்கும் சுவரையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் தள்ளிப் போட வேண்டாம். 2022ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, முதியோருக்கான எல்டர்லைன் 14567. இரண்டுமே இலவசம். உங்கள் போனில் இப்போதே பதிந்து கொள்ளுங்கள்.