தாம்பரம் டீக்கடைச் சிறுவனுக்கும் அமெரிக்க நிதிக்கும் என்ன தொடர்பு?

தாம்பரத்தில் ஒரு டீக்கடை. கிளாஸ் கழுவும் பையனிடம் வயசு கேட்டால் "பதினஞ்சு" என்பான். பார்த்தால் 12 தாண்டாது. இவனை அரசு எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது? இந்தக் கேள்விக்கும் அமெரிக்காவின் ஒரு முடிவுக்கும் தொடர்பு இருக்கிறது.

அமெரிக்கா என்ன செய்தது?

குழந்தைத் தொழிலாளர் முறையை ஆராயவும் ஒழிக்கவும் அமெரிக்கத் தொழிலாளர் துறை 1990-களிலிருந்து பல நாடுகளுக்கு நிதி தந்தது. சிறார் உழைப்பில் உருவாகும் மலிவுப் பொருட்கள் தங்கள் தொழிலாளர்களின் வேலைக்கே உலை வைக்கும் என்பதும் ஒரு காரணம். 2025 மார்ச்சில் 50 கோடி டாலருக்கும் அதிகமான அந்த நிதித் திட்டங்களை அந்நாடு ரத்து செய்தது. தேசிய நலனுடன் ஒத்துப்போகவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது.

நமக்கு என்ன தொடர்பு?

இந்தியாவும் அமெரிக்காவும் தலா 2 கோடி டாலர் போட்டு 'இண்டஸ்' என்ற திட்டத்தை 2004-ல் தொடங்கின. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. வழியாக 2009 வரை நடந்தது. தமிழ்நாட்டில் தேர்வான 5 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. தாம்பரம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். பட்டு நெசவு, செங்கல் சூளை, கல் உடைப்பு உட்பட 10 ஆபத்தான தொழில்கள் திட்டத்தின் பட்டியலில் இருந்தன.

முதலில் கணக்கெடுப்பு. பிறகு 5 முதல் 8 வயதுக் குழந்தைகள் நேராகப் பள்ளிக்கு. 9 முதல் 13 வயதினர் பள்ளிக்குத் தயார்படுத்தும் சிறப்பு மையத்துக்கு. 14 முதல் 17 வயதினருக்குத் தொழிற்பயிற்சி.

கணக்கெடுக்க எதற்கு இவ்வளவு பணம்?

"உங்க பையன் வேலைக்குப் போறானா?" என்று நேரடியாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதனால் கடந்த 7 நாளில் பிள்ளை என்னென்ன செய்தான் என்று விசாரிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. உலக அளவில் 2000-ல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் 2024-ல் 13.8 கோடியாகக் குறைந்ததாக ஐ.எல்.ஓ.-வும் யுனிசெஃபும் சொல்வதும் இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்துத்தான்.

இந்தியாவின் கணக்கு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயது வரையிலான உழைக்கும் சிறார் சுமார் 1 கோடி. அதன்பின் புதிய கணக்கெடுப்பு முடியவில்லை. 1988 முதல் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் சிறப்பு மையங்களையும் கணக்கெடுப்பையும் நடத்திய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், 2021-ல் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டு நிதியும் நின்றால், கணக்கெடுக்கும் பொறுப்பு முழுக்க நம் அரசுகளின் தலையில்தான். கணக்கில் வராத பிள்ளைக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் உண்டு. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த டீக்கடைப் பையனைப் போல யாரையாவது பார்த்தால், 1098-க்கு போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.