வெள்ளநீரில் நெற்பயிரின் திட்டமிட்ட செல் இறப்பும் அதனை நெறிப்படுத்தும் புரதங்களும் – தரங்கம்பாடிக் கடைமடையை முன்வைத்து

முன்னுரை

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் தரங்கம்பாடி வட்டத்து நெல்வயல்கள் அமைந்துள்ளன. மேட்டூரில் திறக்கப்படும் நீர் இப்பகுதிக்கு இறுதியாகவே வந்து சேர்கிறது. ஆனால், வடகிழக்குப் பருவமழையில் மேல்மடை வயல்கள் வடிக்கும் நீர் கடலை அடைய இத்தாழ்நிலத்தைக் கடந்தாக வேண்டும். 2022 நவம்பரில் அண்டை வட்டமான சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய நாள்களில் சம்பா, தாளடிப் பயிர்கள் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. மூழ்கிய பயிர் பிழைக்குமா, அழுகுமா என்பதில் அதன் எந்தச் செல்கள் இறக்கின்றன, எவை இறவாமல் தடுக்கப்படுகின்றன என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. இவ்விரண்டையும் நெறிப்படுத்துபவை புரதங்களே.

விலங்கும் தாவரமும்

திட்டமிட்ட செல் இறப்பு என்பது செல் தன் மரபணுக்களின் கட்டளைப்படி தன்னையே அழித்துக்கொள்ளும் ஒழுங்கான நிகழ்வாகும். 1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் விலங்குச் செல்களில் காணப்படும் இதன் ஒரு வகைக்கு ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது; விலங்கியல் தன் கலைச்சொல்லைத் தாவரத்திடமிருந்தே பெற்றது எனலாம். ‘சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ்’ என்னும் உருளைப்புழுவின் வளர்ச்சியில் தோன்றும் 1,090 உடற்செல்களில் 131 செல்கள் தவறாமல் இறக்கின்றன. இதன் மரபியலை வெளிக்கொணர்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர் 2002இல் நோபல் பரிசு பெற்றனர்.

விலங்குகளில் பிசிஎல்-2 குடும்பப் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வைக் காக்கவோ துளைக்கவோ செய்கின்றன. சவ்வு துளைபட்டால் காஸ்பேஸ் என்னும் புரதம் வெட்டும் நொதிகள் தூண்டப்பட்டுச் செல்லைச் சிதைக்கின்றன. தாவரங்களில் காஸ்பேஸ்கள் இல்லை. அவற்றின் தொலைதூர உறவான மெட்டாகாஸ்பேஸ்கள் உண்டெனினும், அவை புரதத்தை வெட்டும் இடம் வேறு. காஸ்பேஸ் அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்தும், மெட்டாகாஸ்பேஸ் அர்ஜினின் அல்லது லைசினை அடுத்தும் வெட்டுகின்றன. ஆகவே, விலங்கு மாதிரியை அப்படியே பயிரின் மேல் ஏற்றிக் கூறுவது பொருந்தாது. எனினும் பொதுவான கூறு ஒன்று எஞ்சியுள்ளது. விலங்குகளில் இறப்பைத் தூண்டும் பாக்ஸ் புரதத்தின் விளைவை அடக்கும் பிஐ-1 புரதம் நெல்லிலும் இருக்கிறது. நெல்லின் பிஐ-1 மரபணு, ஈஸ்ட் செல்களைப் பாக்ஸ் விளைவிக்கும் இறப்பிலிருந்து காத்ததை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

வேரில் வேண்டப்படும் இறப்பு

வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. எனவே நீர் தேங்கிய சேற்றில் வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. இதற்கு நெல் கண்ட வழி, வேரின் புறணிச் செல்களில் ஒரு பகுதியை இறக்கச் செய்து, அவை விட்டுச்செல்லும் வெற்றிடத்தைக் காற்றுக் குழலாக்குவதாகும். இதுவே காற்றறைத் திசு (ஏரங்கைமா). வேரைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் நோக்கினால், இறந்த செல்களின் சுவர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல நிற்பது தெரியும். இறப்பு நடுப்புறணியில் தொடங்கி உள்ளும் புறமும் பரவுகிறது. நடுவிலுள்ள வாஸ்குலார் திசுவையும் வெளியுறைச் செல்களையும் அது தீண்டுவதில்லை.

நெல் வேரில் ஓரளவு காற்றறைகள் எப்போதும் உண்டு. நீர் தேங்கும்போது அவை மிகுகின்றன. வெளியேற வழியின்றி வேருக்குள் தேங்கும் எத்திலீனே இதற்கான தூண்டல். இந்நிலையில் சிடிபிகே5, சிடிபிகே13 என்னும் கால்சியம் சார்ந்த கைனேஸ்கள், செல்சவ்விலுள்ள ஆர்பிஓஎச்எச் என்னும் நொதிப் புரதத்தைத் தூண்டுகின்றன. அது உண்டாக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லை இறப்புக்கு இட்டுச்செல்கின்றன. ஆர்பிஓஎச்எச் மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட நெல்லில் தூண்டப்படும் காற்றறைகள் குறைந்தன என்னும் ஆய்வு முடிவு 2017இல் வெளிவந்தது.

தண்டின் கணுவில் இதனினும் நுட்பமான இறப்பு நிகழ்கிறது. அங்கு வேற்றிட வேர் முளைக்க வேண்டுமானால் மேலுள்ள புறத்தோல் வழிவிட வேண்டும். எத்திலீன், மெட்டலோதயோனின் 2பி என்னும் காப்புப் புரதத்தின் அளவைக் குறைக்கிறது. காப்பிழந்த செல்களுள் வேர்முனை கீழிருந்து அழுத்தும் இடத்திலுள்ளவை மட்டுமே இறக்கின்றன, அடுத்துள்ளவை உயிரோடிருக்கின்றன. (வேருக்கு ஆக்சிஜன் இறங்கும் இதே காற்றறை வழியாகத்தான் வயலின் மீத்தேனில் பெரும்பகுதி மேலேறி வளிமண்டலத்தை அடைகிறது.)

இலையில் தடுக்கப்படும் இறப்பு

பயிர் முழுவதும் மூழ்கும்போது சிக்கல் வேறாகிறது. பெரும்பாலான நெல் வகைகள் நீருக்கு மேல் தலைதூக்க முயன்று, சேமித்த மாவுப்பொருளைச் செலவழித்து நீள்கின்றன. பச்சையம் சிதைந்து இலை மூப்படைகிறது. இலை மூப்பும் திட்டமிட்ட இறப்பின் ஒரு வடிவமே. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிவு செய்யப்பட்ட எஃப்ஆர்13ஏ வகை இதற்கு விலக்கு. அதிலுள்ள சப்1ஏ மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அதன் புரதம் எத்திலீனால் தூண்டப்பட்டு, ஜிப்ரலின் வழிப்பட்ட நீட்சியை அடக்கி, இலை மூப்பைத் தாமதப்படுத்துகிறது. வேரில் செல்லைக் கொல்லும் எத்திலீனே இங்குச் செல்லைக் காக்கும் புரதத்தை எழுப்புகிறது. குறிப்புணர்த்தும் வேதிப்பொருள் ஒன்றே; அதை ஏற்கும் திசுவில் எப்புரதங்கள் உள்ளன என்பதே விளைவை முடிவு செய்கிறது.

டெல்டா உழவர்கள் பொன்மணி என அழைக்கும் சி.ஆர். 1009 நெல்லில் இம்மரபணு சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப்1 என்னும் வகை சம்பாப் பருவத்திற்குப் பயன்பாட்டில் உள்ளது. வளர்ச்சிப் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் முழுமையாக மூழ்கினாலும் சப்1 வகைகள் நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கக்கூடியவை. பூக்கும் பருவத்தில் வரும் வெள்ளத்திற்கு இக்காப்பை நம்ப இயலாது. மேலும், நீட்சியை அடக்குவதே இப்புரதத்தின் உத்தியாதலால், பயிரை முழுதும் மூடாமல் முழங்கால் ஆழத்தில் வாரக்கணக்கில் தேங்கும் நீரில் அது பயனளிப்பதில்லை. சில வேளைகளில் இடையூறாகவும் அமைகிறது. வடிகால் அடைபட்ட கடைமடை வயல்களில் இவ்விரு வகை வெள்ளமும் ஒரே பருவத்திலேயே வரக்கூடும். இரகத் தெரிவில் வயலின் நீர் ஆழத்தோடு நீர் நிற்கும் நாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட வேண்டியிருப்பது இதனாலேயே.