வெப்பத்தைத் தாங்கும் கல்லும் தடுக்கும் கல்லும்

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் சிறுதேர்வு ஒன்று வைத்தேன். அதில் நானே எழுதிய ஒரு மதிப்பெண் வினா இது: "எஃகு உருக்கும் உலையின் உட்புறத்தில் வெப்பத்தடைச் செங்கல் பதிப்பது ஏன்?" வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் "வெப்பம் வெளியேறாமல் தடுக்க" என்று எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் சரி போட்டேன். ஒரு மாணவி மட்டும் "உலையே உருகிப் போகாமல் இருக்க" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டேன்.

மதிய உணவு இடைவேளையில் விடைத்தாளோடு வந்தாள். "டீச்சர், எங்கப்பா இரும்பு ஆலையில லேடிலுக்குக் கல்லு கட்டற வேலைதான் பாக்கறாரு. வெளிக்கூட்டுல கை வச்சா தோலு வந்துடும்னு சொல்லுவாரு. அப்ப அந்தக் கல்லு எங்க டீச்சர் வெப்பத்தத் தடுக்குது?"

லேடில் என்பது உருகிய எஃகை ஏந்திச் செல்லும் பெரிய வாளி. அதன் வெளிக்கூடும் இரும்புதான். "நோட்டில் எழுதிப் போட்டதைப் படித்து எழுது" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்லும் பதில் அது. நானும் சொன்னேன். மாலையில் பேருந்தில் போகும்போதுதான் அவள் கேட்டது உறைத்தது. எஃகு உருகி ஓடும் நிலையில் சுமார் 1600 டிகிரி செல்சியஸில் இருக்கும். இரும்பின் உருகுநிலை 1538 டிகிரி. அப்படியானால் இரும்பு வாளிக்குள் உருகிய எஃகை ஊற்ற வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவே உருகாத ஒன்று வேண்டும். அந்தக் கல்லின் முதல் வேலை அதுதான். அவள் எழுதியது சரி.

தவறு என் வினாவிலேயே இருந்தது. மின்னோட்டத்தை எதிர்ப்பது மின்தடை என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அதைப் படித்த பிள்ளை 'வெப்பத்தடை' என்று பார்த்தால், வெப்பம் பாய்வதை எதிர்ப்பது என்றுதானே எடுத்துக்கொள்ளும்? இயற்பியலில் வெப்பத்தடை என்ற சொல்லுக்குப் பொருளும் அதுவே. ஆங்கிலத்தில் 'ரெசிஸ்டன்ட்' என்ற சொல் 'எதிர்த்துத் தடுப்பது', 'கெடாமல் தாங்குவது' என்ற இரண்டுக்கும் வரும். தமிழில் அப்படி இல்லை. நமக்குத் தாங்குவது வேறு, தடுப்பது வேறு. வேளாண்மைத் துறையில் இதைச் சரியாகவே கையாளுகிறார்கள். மழை பொய்த்தாலும் பிழைத்து நிற்கும் நெல்லை 'வறட்சியைத் தாங்கும் ரகம்' என்கிறார்கள். வறட்சித்தடை நெல் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டு பண்புகளும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பின் மேலேயே கிடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வெப்பத்தை அப்படியே மாவுக்குக் கடத்துகிறது. அது தாங்கும், தடுக்காது. மீன் வண்டிகளில் ஐஸ் போட்டு வரும் தெர்மகோல் பெட்டி வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். அடுப்பருகே வைத்தால் சுருங்கி உருகிவிடும். கொதிநீரின் வெப்பநிலையை ஒட்டியே அது இளகத் தொடங்கிவிடுகிறது. அது தடுக்கும், தாங்காது. இந்த இரண்டையும் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேறுபாடு புரிந்துவிடுகிறது.

உலைக்கல்லில் இது இன்னும் சுவையானது. உயர்வெப்பம் தாங்கும் பொருள் என்று சர்வதேச அளவில் ஏற்க, குறைந்தது 1500 டிகிரி செல்சியஸ் வரை இளகாமல் நிற்க வேண்டும். நம் வீட்டுச் சுவரின் செங்கல்லில் இரும்பு ஆக்சைடு போன்றவை கலந்திருப்பதால் அது அதற்கு வெகு முன்பே இளகிவிடும். அலுமினா மிகுந்த தனி வகைக் களிமண்ணில் செய்த கல் நிற்கும். அதற்கும் மேலே நிற்பது மெக்னீசியாக் கல். மெக்னீசியம் ஆக்சைடின் உருகுநிலை ஏறத்தாழ 2800 டிகிரி. ஆனால் இதே மெக்னீசியாக் கல் மற்ற உலைக்கற்களைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தவும் செய்யும்! அதனால்தான் கொத்தனார் உள்வரிசையில் தாங்கும் கல்லையும், அதற்குப் பின்னால், கூட்டை ஒட்டி, தடுக்கும் பொருளையும் வைத்துக் கட்டுகிறார். அந்தப் பின்வரிசை இருந்தும் கூடு கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கிறது.

இந்த மெக்னீசியாவுக்கான மூலப்பொருள் எங்கள் சேலத்து மண்ணிலேயே கிடைக்கிறது. ஊருக்கு வடக்கே வெள்ளை வெள்ளையாகத் தெரியும் குன்றுகளில் இருப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டால் கார்பன் டைஆக்சைடு போய்விடும். 84 கிலோ சுத்தமான மேக்னசைட்டிலிருந்து 40 கிலோ மெக்னீசியாதான் மிஞ்சும். மூலக்கூறு நிறைப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

உருகாமல் இருந்தால் மட்டும் போதாது, கரையாமலும் இருக்க வேண்டும். உருகிய இரும்பிலுள்ள பாஸ்பரஸை நீக்கச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. சிலிக்காக் கல் அமிலத்தன்மை உடையது. இரண்டும் சேர்ந்தால் கல் அரிக்கப்பட்டுவிடும். 1870களின் இறுதியில் இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும் அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்டும் உலையின் உட்புறத்தையே காரத்தன்மை உடைய பொருளால் அமைத்து இதைத் தீர்த்தார்கள். அமிலம், காரம் என்றதும் நாம் லிட்மஸ் தாளோடு நின்றுவிடுகிறோம். இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

அந்த வாரமே மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தினேன். வகுப்பில் எல்லோர் முன்பும் என் தவறைச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா கொடுத்தனுப்பிய இரண்டு உடைந்த துண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். ஒன்று கனத்தது. மற்றொன்று ரொட்டி போல இலேசானது, உடம்பெல்லாம் நுண்துளை. களிமண்ணோடு மரத்தூளைக் கலந்து சுட்டால் தூள் எரிந்துபோய் இப்படித் துளைகள் விழும். துளைகளில் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. இரண்டையும் ஒரே கனத்துக்கு அறுத்து, மேலே மெழுகுத் துளி வைத்து, அடியில் ஒரே மாதிரி இரண்டு சாராய விளக்குகளை வைத்தோம். கனத்த கல்லின் மேலிருந்த மெழுகு முதலில் உருகியது. இலேசான கல்லின் மேலிருந்தது மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தது. சுடான கல்லில் தண்ணீர் மட்டும் படவிடாதீர்கள், வெடித்துத் தெறிக்கலாம்.

பெயர் என்ன வைப்பது என்று அன்றைக்கே வகுப்பில் பேச்சு வந்தது. 'தீச்செங்கல்' என்றான் ஒருவன். எல்லாச் செங்கல்லும் தீயில் சுட்டதுதானே என்று இன்னொருவன் மடக்கினான். "அது செங்கல்லே இல்ல டீச்சர், சந்தன நெறத்துல இல்ல இருக்கு" என்றாள் அந்த மாணவி. அவள் அப்பாவும் கூட வேலை செய்பவர்களும் 'ஃபயர் பிரிக்' என்றுதான் சொல்வார்களாம். கடைசியில் கனத்த துண்டின் மேல் 'வெப்பம் தாங்கும் கல்' என்றும், இலேசான துண்டின் மேல் 'வெப்பம் தடுக்கும் கல்' என்றும் சீட்டு எழுதி ஒட்டினார்கள். இரண்டும் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. இந்த ஆண்டு வினாத்தாளில் நான் எழுதியிருப்பதும் இந்தப் பெயர்களைத்தான்.