பளிச்சொளி விளக்கு

பளிச்சொளி விளக்கு என்பது மின்தேக்கியில் சேமித்த ஆற்றலைச் செனான் வளிமம் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே மிகக் குறுகிய நேரத்தில் பாய்ச்சி ஒளி பெறும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபிளாஷ் எனப்படுகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் எட்ஜர்ட்டன் 1930களில் இதனை ஒளிப்படக்கலைக்குக் கொண்டுவந்தார்.

ஏற்றும் முறை

330 வோல்ட்டுக்கு மின்னேற்றிய 120 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் சுமார் 6.5 ஜூல் ஆற்றல் இருக்கும். இது சிறிய அளவே. ஆயினும் ஒரு மில்லி நொடியில் வெளியேறினால் சராசரித் திறன் 6,500 வாட் ஆகிவிடும்; மின்னோட்டமும் நூறு ஆம்பியரைத் தாண்டக்கூடும். சாதாரண சுவிட்சின் உலோகமுனைகள் இதனால் தீப்பொறி தட்டி ஒட்டிக்கொள்ளும். எனவே குழாயே சுவிட்சாகவும் பயன்படுகிறது. செனான் இயல்பில் மின்கடத்தாது. குழாயின் மேல் சுற்றிய கம்பிக்குச் சிறு மின்மாற்றி வழியாகச் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு தந்தால் வளிமம் அயனியாகி, மின்தேக்கி முழுதும் குழாய் வழியே இறங்குகிறது.

அணைக்கும் முறை

ஏற்றுவதைவிட இடையில் நிறுத்துவதே கடினம். ஆவுடையார்கோவில் ஆத்மநாதசுவாமி கோயில் போன்ற இருண்ட கல்மண்டபத்தில் படமெடுப்பதாகக் கொள்வோம். 2 மீட்டர் தொலைவிலுள்ள தூணில், 4 மீட்டர் தொலைவிலுள்ளதைப் போல நான்கு மடங்கு ஒளி விழும். அருகிலுள்ள சிற்பம் வெளிறிப் போகாதிருக்க ஒளியைப் பாதியில் துண்டிக்க வேண்டும். தொடக்கத் தானியங்கிக் கருவிகள் எஞ்சிய ஆற்றலை இணையான மற்றொரு குழாயில் கொட்டி வீணாக்கின. பின்னர் தைரிஸ்டர் வந்தது. ஆனால் அது ஒருமுறை கடத்தத் தொடங்கினால் வாயில் முனையால் நிறுத்த இயலாது. மின்னோட்டத்தை வலிந்து முறிக்கக் கூடுதல் மின்தேக்கி தேவைப்பட்டது.

இச்சிக்கலை எளிதாக்கியது காப்பிட்ட வாயில் இருமுனைத் திரிதடையம், அதாவது ஐ.ஜி.பி.டி. இதனை 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய பி. ஜெயந்த் பாலிகா 1948இல் சென்னையில் பிறந்தவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் பட்டம் பெற்றவர். 2024ஆம் ஆண்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. குழாயுடன் தொடராக இணைத்த ஐ.ஜி.பி.டி.யின் வாயில் மின்னழுத்தத்தை நீக்கியவுடன் ஒளி நின்றுவிடும்; மீதி ஆற்றல் அடுத்த படத்திற்கு மிஞ்சும்.

எச்சரிக்கை

மின்கலத்தை எடுத்த பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் நெடுநேரம் தங்கும். அது உயிருக்கு ஆபத்தாகலாம். பழைய புகைப்படக் கருவியைப் பிரிக்கும் மாணவர்கள் இதனை மறக்கலாகாது. திருகு முளையால் முனைகளை இணைப்பது தவறு. உரிய மின்தடை வழியே இறக்கி, மின்னழுத்தமானியால் சரிபார்த்த பின்னரே தொட வேண்டும்.