தங்கவயலில் இன்னொரு சுரங்கம்

பூதிகோட்டை என்றால் ஹைதர் அலி பிறந்த ஊர். பக்கத்திலிருக்கும் கோலார் தங்கவயல் என்றால் தங்கம். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள், மேலே வந்ததும் பத்திரிகை படித்தார்கள், சங்கம் நடத்தினார்கள், மதத்தைப் பற்றி விவாதித்தார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழ’னுக்கு இங்கே வாசகர்களும் ஆதரவாளர்களும் இருந்தார்கள். அவரது சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்தார். 1926இல் ‘தமிழன்’ மறுபிறவி எடுத்தது தங்கவயலில்தான், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது.

பிறகு நீண்ட மௌனம். அதைக் கலைத்ததில் கிறிஸ்தவ நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் சுவாரசியம். தமிழ் பௌத்தர்கள் பற்றிய ஞான. அலாய்சியஸின் ஆங்கில ஆய்வு நூல் 1998இல் வெளியானபோது, பெங்களூரிலிருந்து இயங்கிய கிறிஸ்தவ சமய, சமூக ஆய்வு நிறுவனம் அதற்குத் துணை நின்றது. மறு ஆண்டு அவர் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளை பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. தங்கவயல்காரர்கள் பத்திரமாக வைத்திருந்த பழைய பிரதிகள் அதற்குக் கைகொடுத்தன.

பௌத்தரை ஆராய கிறிஸ்தவர்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்? 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் எழுப்பிய கேள்வியில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து இறையியல் ஏன் பிறக்கக் கூடாது என்றார் அவர். தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்தது. அந்த அனுபவத்தைத் தேடிப் போகிறவர்கள் தங்கவயலைத் தாண்டிப் போக முடியாது.

இதற்கு ஆய்வகம் வேண்டாம், விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். இறையியல் ஆசிரியருக்கு வகுப்பிலிருந்து ஓராண்டு விடுப்பு, பயணச் செலவு, பிரதி எடுக்கும் வசதி, முடித்ததை அச்சிட ஒரு பதிப்பகம், இவை போதும். ஆனால் பாடவேளைக்கும் தேர்வுத்தாளுக்கும் நடுவே முதலில் அடிபடுவது இந்த விடுப்புதான்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. பலர் பிழைப்புக்காகப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். பல குடும்பங்கள் ஊரையே விட்டுவிட்டன. வீட்டைக் காலி செய்யும்போது பழைய காகிதம்தான் முதலில் எடைக்குப் போகும். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதற்குள் முடிவெடுத்தால் நல்லது.