தாய்க்காகக் கையெழுத்திட்ட மகன்

1986 ஜூன் மாதம். சீனாவின் ஹான்ஜோங் நகர மருத்துவமனையில் ஒரு தாய் கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர்கோத்துக் கிடந்தார். இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும், அம்மாவை வேதனையில்லாமல் அனுப்பிவிடுங்கள் என்று மருத்துவரிடம் மன்றாடினார் மகன். பொறுப்பைத் தானே ஏற்பதாகக் கையெழுத்தும் போட்டார். ஊசி போடப்பட்டது, தாய் இறந்தார். மகனின் கூடப்பிறந்த சகோதரிகளே புகார் கொடுக்க, அவரும் மருத்துவரும் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார்கள். 1991-ல்தான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அந்தக் குடும்பத்தின் இரு தரப்பும் ஒரே சொல்லைத் துணைக்கு அழைக்க முடியும் என்பதுதான் என்னை உலுக்குகிறது. அந்தச் சொல் 'சியாவ்': பெற்றோருக்குப் பிள்ளை செலுத்தும் கடன். கன்பூசிய மரபில் அறத்தின் வேரே இதுதான். உடம்பு பெற்றோர் தந்தது, அதற்கு ஊறு செய்யாதே என்கிறது அந்த மரபு. அப்படியிருக்க, பெற்றவளின் உயிரையே முடிப்பது எப்படிப் பொருந்தும்?

கருணைக்கொலையை ஆதரிப்பவர்கள் அதே மரபின் அறிஞர் மென்சியஸைக் காட்டுவார்கள். உயிர், அறம் இரண்டில் ஒன்றுதான் கிட்டும் என்றால் அறத்தையே எடுப்பேன் என்றவர் அவர். ஆனால் அவர் பேசியது அறத்துக்காக உயிர்விடுவதைப் பற்றி. நோயின் வலியைப் பற்றி அல்ல. அதை இங்கே இழுப்பது பொருந்தவில்லை.

எனக்குக் கன்பூசியஸ் சொன்ன வேறொன்றே நெருக்கமாகப் படுகிறது. பெற்றோருக்குச் சோறு போடுவதையே சியாவ் என்கிறார்கள். நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்று கேட்டார் அவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்குக்குழாய் வழியே கஞ்சி இறங்கும் படுக்கைகளுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரியவருக்கு என்ன வேண்டும் என்று, அவர் பேசும் நிலையில் இருந்தபோது யாராவது கேட்டார்களா?

தைவானில் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோயாளி உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்கு இடம் வைத்திருக்கிறது. கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதற்கு முன் மருத்துவக் குழுவோடு கலந்து பேச வேண்டும். நெருங்கிய உறவினர் ஒருவராவது உடனிருக்க வேண்டும். முடிவு நோயாளியுடையது; ஆனால் அதைக் குடும்பத்தார் காதுபடச் சொல்லியாக வேண்டும்.

ஹான்ஜோங் மகனுக்குப் பின்னாளில் வயிற்றில் புற்றுநோய் வந்தது. தாய்க்குக் கேட்டதையே 2003-ல் தனக்கும் கேட்டார். சட்டம் இல்லை என்று மருத்துவமனை மறுத்தது. அந்த ஆகஸ்டில் இறந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், சீனாவின் ஷென்ஜென் நகரம் முன்விருப்பப் பத்திரத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. வீண் சிகிச்சையை மறுக்க அதில் வழியுண்டு. அவர் கேட்ட ஊசிக்கு அதிலும் இடமில்லை.