தாமரை இலையின் வெள்ளி

தாமரை இலைமேல் உருளும் நீர்த்துளியின் அடிப்பாகம் வெள்ளி பூசினாற்போல் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். மின்னுவது இலைதான் என்றால், உலர்ந்த இலை ஏன் மங்கலாக இருக்கிறது?

இலையின் மேற்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்மேடுகளும், அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் நிறைந்துள்ளன. ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997-ல் இவற்றை விரிவாக விளக்கினர். இந்தக் கரடுமுரடு ஒளியை நாலா திசையிலும் சிதறடிக்கிறது, ஆகவேதான் மங்கல். நீரோ மேடுகளின் உச்சியை மட்டுமே தொடும். இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றுப் படலமே கண்ணாடி! நீரிலிருந்து சுமார் 49 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் படலத்தின்மேல் விழும் ஒளி, முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடுகிறது.

வாளி நீரில் ஒரு தாமரை இலையை அமிழ்த்துங்கள். (கிடைக்காவிட்டால் சேப்பங்கிழங்கு இலை போதும்.) கிடையாகப் பிடித்தால் பச்சையாகவே தெரியும். மெல்லச் சாயுங்கள், ஒரு நிலையில் இலை வெள்ளித் தகடாகிவிடும்! ஏன் சாய்க்க வேண்டும்? காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் கதிர், எவ்வளவு சாய்வாக வந்தாலும், உள்ளே 49 பாகையைத் தாண்டாது. நீர்மட்டத்துக்கு இணையாக உள்ள படலத்திலும் அதே கோணத்தில்தான் விழும். படலத்தைக் கடந்து இலையில் பட்டுப் பச்சையாகத் திரும்பும். தேர்வில் கேட்கத்தக்க கேள்விதான்! துளியின் மேற்பரப்போ வளைந்தது. அதன் பக்கவாட்டில் நுழையும் கதிர்களுக்கு இந்த வரம்பு இல்லை.

பிறகு வாளியில் சிறிது சோப்பைக் கரையுங்கள். சோப்புநீர் மேடுகளுக்கிடையே புகுந்து காற்றை விரட்டிவிடும். எப்படிச் சாய்த்தாலும் நனைந்த பச்சை இலைதான் தெரியும்.